மனேஜர் போட்ட கையெழுத்துக் கம்பனியைக் கட்டுப்படுத்துமா?

சுன்னாகத்தான்:
ஒரு கம்பனிக்கு ஜெனரேற்றர் பூட்டிக் கொடுத்தேன். ஒப்பந்தத்தில் மனேஜர் கையெழுத்து வைத்துக் கம்பனி முத்திரையும் குத்தினார், முற்பணம் கம்பனிக் காசோலையாக வந்தது. மிச்சக் காசு கேட்டால் "அவருக்கு அதிகாரமே இல்லை, பணிப்பாளர் யாரும் ஒப்பமிடவில்லை" என்கிறார்கள். இனி நான் யாரைப் பிடிப்பது?

நல்லூர் மணி:
அண்ணை, குறை நினைக்காதீர்கள், பிழை உங்களில்தான். இரண்டு பணிப்பாளர் கையெழுத்து வேண்டும் என்று இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்திலேயே இருக்கிறது. முத்திரை எந்தக் கடையிலும் வெட்டலாம்.

கொக்குவில் ராசன்:
மணி பாதியை வாசித்துவிட்டு வந்திருக்கிறார். அந்த இரண்டு கையெழுத்து காணி உறுதி மாதிரி நொத்தாரிசு முன் முடிக்க வேண்டியவற்றுக்கு. மற்ற ஒப்பந்தங்களுக்குக் கம்பனி வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ அதிகாரம் கொடுத்த எவரும் போதும், சிலவற்றை வாய்ப்பேச்சிலேயே முடிக்கலாம். கந்தோருக்குத் தேயிலை வாங்கவும் பணிப்பாளர் இருவர் கடைக்கு வருவார்களா?

நல்லூர் மணி:
ஜெனரேற்றர் தேயிலை இல்லையே! கம்பனியின் விதிகளில் மனேஜருக்கு வரம்பு போட்டிருந்தால்? கம்பனிப் பதிவாளரிடம் இருக்கிற அந்த விதிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

கொக்குவில் ராசன்:
அது பழைய கதை. பதிவாளரிடம் இருப்பதாலேயே வெளியாளுக்குத் தெரியும் என்று இப்போதைய சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. 1856 இல் இங்கிலாந்தில் டர்க்குவாண்ட் வழக்கிலேயே உள்வீட்டு ஒழுங்கை வெளியாள் துருவத் தேவையில்லை என்று தீர்த்தார்கள். ஆனால் அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டே கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, அதையும் சொல்ல வேண்டும். ஒருவரை மனேஜர் கதிரையில் இருத்தி, அவர் பேசிய வேலைக்கு முற்பணமும் கொடுத்துவிட்டு, பிறகு ஆளைத் தெரியாது என்றால் எப்படி?

கரையோரம்:
எங்களுடையது மறுபக்கம். ஒரு கம்பனியிடம் கடையொன்றை 2 வருடக் குத்தகைக்கு எடுத்தோம், பணிப்பாளர் இருவருமே ஒப்பமிட்டார்கள், ஆனால் வெறும் தாளில். 1840 ஆம் ஆண்டு மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசுதான் எழுத வேண்டுமாம். ஆள் சரி, தாள் பிழை.

கொக்குவில் ராசன்:
சுன்னாகத்தான், அந்தக் காசோலையில் யார் கையெழுத்து?

சுன்னாகத்தான்:
போட்டோ எடுத்து வைத்திருந்தேன், இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டு கையெழுத்து. இரண்டும் பணிப்பாளர்களுடையவை.

நல்லூர் மணி:
அதை முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை. சட்டத்தரணியிடம் போகும்போது அந்தப் போட்டோவை மறக்காதீர்கள்.