வல்லாரை இலை ஓரம் கருகுது, உரம் பத்தலையா?

செம்மண்காடு:
காரைக்குடி பக்கம். முற்றத்துல பழைய கல்தொட்டி, அதுல வல்லாரை. நட்டு நாலு மாசமாச்சு. இலை எட்டணாக் காசைத் தாண்டல, ஓரமெல்லாம் பழுப்பாக் கருகுது. பத்து மணியிலருந்து மூணு மணி வரை வெயில். ஆர்.ஓ. மெஷின் ஒதுக்குற தண்ணியைத்தான் ரெண்டு வேளையும் ஊத்துறேன். தொட்டி ஓரத்துல வெள்ளையாப் படியுது. என்ன உரம் போடலாம்?

கண்மாய்க்கரை:
உரத்தைத் தொடாதீங்க தம்பி, அந்த வெள்ளைதான் வில்லங்கம். ஆர்.ஓ. ஒதுக்குற தண்ணியில போர் தண்ணியைவிட உப்பு கூடுதல். வெயில்ல தண்ணி ஆவியாயிரும், உப்பு மண்ணுலயே தங்கும். இலை ஓரம்தான் அதை முதல்ல காட்டும். கல்தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கா? இருந்தா, தொட்டி கொள்ளுற அளவுக்கு ரெண்டு மூணு மடங்கு நல்ல தண்ணி விட்டு வடிய விடுங்க. இல்லேன்னா மண்ணையே மாத்தணும், வேற வழி கிடையாது.

புது மண்ணுக்குக் கண்மாய் வண்டல் 2 பங்கு, மக்குன சாணி 1, மணல் 1. வெறும் செம்மண்ணு காய்ஞ்சா மேல ஓடு கட்டிக்கும், கணுவுல விடுற வேர் உள்ள இறங்காது. முக்கால் அடி ஆழம் தாராளம். அகலம்தான் வேணும், கொடி பக்கவாட்டுல ஓடுற செடி இது. வேர் விட்ட கணு ரெண்டு மூணு சேர்த்து வெட்டி, சாணுக்கு ஒண்ணா நடுங்க. வேர் மட்டும் மண்ணுக்குள்ள, குருத்து வெளியில. முற்றத்துல விழுற மழைத்தண்ணியை அண்டாவுல பிடிச்சு வச்சா இதுக்கு அதைவிட நல்லது இல்ல.

ரெண்டாங்கட்டு:
அண்ணே சொன்னதோட வெயிலையும் பாருங்க. பத்து மணி வரை இளவெயில், அப்புறம் தாழ்வார நிழல். உச்சி வெயில் பட்டா இலை சிறுத்துச் சிவக்கும். அதுக்காக இருட்டுல வச்சா காம்பு மட்டும் நீளும். மண்ணு எப்பவும் ஈரமா இருக்கணும், ஆனா தண்ணி தேங்கிக் கிடந்தா நாத்தமடிச்சு வேர் அழுகும்.

இன்னொண்ணு: நர்சரியில வாங்கினதா? குடை மாதிரி இலை நடுவுல காம்பு சேர்ந்திருந்தா அது வல்லாரையே இல்ல, அழகுக்கு வைக்கிற வேற செடி. வல்லாரைக்குக் காம்பு சேருற இடத்துல இலை உள்வாங்கி, பிளந்திருக்கும்.

செம்மண்காடு:
பிளவு இருக்கு ஆச்சி, வல்லாரைதான். தொட்டிக்கு ஓட்டை இல்ல, மண்ணை மாத்திடுறேன். இலை எப்பப் பறிக்கலாம்?

ரெண்டாங்கட்டு:
ரெண்டு மூணு மாசம் போகட்டும். கத்தரியால காம்போட வெட்டுங்க, பிடுங்கினா கொடியும் சேர்ந்து வந்துரும். மூணுல ஒரு பங்கு இலையை விட்டு வைங்க. தொட்டி நிறைஞ்சு இலை மறுபடி சிறுத்தா பாதிக் கொடியைக் கலைச்சு வேற தொட்டியில நடுங்க. செடி பத்தலைன்னு சாக்கடை ஓரத்துல இருக்கறதைக் கொண்டாந்து துவையல் மட்டும் அரைச்சிராதீங்க. மண்ணுல இருக்கிற ஈயத்தையெல்லாம் இது இழுத்து வச்சுக்கும், கழுவினாலும் போகாது.