கோடையில் பள்ளம் தெரியாத பாலத்தூணை நம்பலாமா?

ஆற்றங்கரையான்:
தாமிரபரணியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கிழக்கே, எங்கள் ஊர்ப் பாலத்தின் கீழே தண்ணீர் வற்றியபின் இறங்கிப் பார்த்தேன். தூண்களைச் சுற்றி மணல் சமமாகவே கிடக்கிறது. ஆனால், முன்பு மணல் மூடியிருந்த மட்டத்தைக் காட்டும் கறை இப்போது என் மார்பளவு உயரத்தில் தெரிகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தையே தாங்கிய பாலம் என்று ஊரார் கவலையின்றி இருக்கிறார்கள். அது சரிதானா?

பழைய பொறியாளர்:
சரியன்று, அண்ணாச்சி. வெள்ளம் தூணின் முகத்தில் மோதிக் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியில் குதிரை லாடம்போல் சுழன்று மணலைத் தோண்டும்; வடியும்போது மேலிருந்து வரும் மணலே அந்தக் கசத்தை, அதாவது பள்ளத்தை, தூர்த்துவிடும். இரும்புக் கம்பியை இறக்கிப் பாருங்கள். தூணருகே எளிதாக இறங்கி, சற்றுத் தள்ளி இறுகிப் பிடித்தால், அங்கே கசம் விழுந்து தூர்ந்திருக்கிறது என்று ஐயப்படலாம். கறை சொல்வது வேறு கதை: படுகை முழுவதுமே தாழ்ந்திருக்கிறது. தாமிரபரணியில் மணல் அள்ள உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010இல் தடை விதித்தது என்றாலும், போன மணலை ஈடுகட்ட வரவேண்டியதில் ஒரு பகுதியை மேலேயுள்ள அணைகள் பிடித்துவைத்துக்கொள்கின்றன.

கணக்கர்:
வெள்ளம் படுகையை எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று கணக்கிட நம் நாட்டில் லேசி சூத்திரமே வழக்கம். மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு 10 கன மீட்டர் நீர், 0.5 மில்லிமீட்டர் மணல் என்று கொண்டால் சராசரி அரிப்பாழம் ஏறத்தாழ 5.8 மீட்டர், தூணருகே அதன் இரு மடங்கு, 11.6 மீட்டர். இது வெள்ள மட்டத்திலிருந்து அளப்பது. படுகை தாழ்ந்தால் வெள்ள மட்டமும் அரிப்பு மட்டமும் கூடவே இறங்கும். அஸ்திவாரம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். தூணின் அகலமோ, அதில் சிக்கிச் சுழலை வலுவாக்கும் அமலைச்செடியோ (ஆகாயத்தாமரை) இந்தச் சூத்திரத்தில் இல்லை என்பது என் நெடுநாள் குறை.

பழைய பொறியாளர்:
பத்து லாரி கல்லைக் கொட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடியில் வடிகட்டும் சல்லிப் படுகை இல்லாவிட்டால், இடுக்குகளின் வழியே மணல் வெளியேறிக் கல் புதைந்துவிடும். குவியலாக நின்றாலோ நீரைப் பாலத்தின் பக்கத்துக் கண்ணுக்கு (தூண்களுக்கு இடையிலுள்ள திறப்புக்கு) தள்ளி அங்கே அரிக்கும். கல்லைப் படுகை மட்டத்தோடு பாவ வேண்டும். படுகை மேலும் இறங்காதிருக்க, பாலத்துக்குக் கீழே ஆற்றின் குறுக்கே தாழ்வான தடுப்புச் சுவரும் தேவைப்படலாம்.

ஆற்றங்கரையான்:
ஞாயிறன்று கம்பி இறக்கிப் பார்க்கிறேன். அஸ்திவார ஆழம் காட்டும் வரைபடத்தைக் கேட்டு மனுவும் எழுதியாயிற்று. ஐப்பசி மழைக்கு முன் கிடைக்க வேண்டும்.