மேகமலை இறங்கியதும் ஸ்டியரிங் இறுக்கம், ஃபோர் வீல் லைட் அணையவில்லை: உதவி தேவை

சின்னமனூர்வாசி (கேள்வி)

வணக்கம். செகண்ட்ஹேண்டா வாங்கின டீசல் ஜீப், பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் (சாதாரணமா பின்சக்கரம் மட்டும் இழுக்கும், தேவைப்பட்டா நாலையும் இழுக்க வைக்கலாம்), அதை மாத்த கை லிவர். ஞாயித்துக்கிழமை மேகமலை போனோம். ஹைவேவிஸ் தாண்டி இரவங்கலாறு பக்கம் ரோடு பேந்து வெறும் ஜல்லியா கெடக்கு. அங்க ஃபோர் ஹை (நாலு சக்கரமும் இழுக்குற நிலை) போட்டதும் அருமையா ஏறுச்சு. திரும்பும்போது மழை. தார் ரோடு வந்த பிறகும், வழுக்குமேன்னு ஃபோர் ஹையிலயே 18 கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன்.

பாதி வளைவுக்கு மேல ஸ்டியரிங் கல்லா இறுகிப்போச்சு. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி தானா நிக்கப் பாக்குது, முன்சக்கரம் கீச்சுனு தேயுது. கீழ வந்து லிவரைப் பலமா இழுத்த பிறகுதான் டூ ஹைக்கு (பின்சக்கரம் மட்டும் இழுக்குற நிலை) வந்துச்சு. ஆனா டேஷ்போர்டுல ஃபோர் வீல் லைட் இன்னும் எரியுது. உள்ள ஏதும் உடைஞ்சிருக்குமா? ஓட்டலாமா?

ராஜா_போடி

பவர் ஸ்டியரிங் ஆயில் அளவைப் பாருங்க. ஈர ரோட்டுல ஃபோர் ஹை ஓட்டுறதுல தப்பே இல்ல, நான் எப்பவும் அப்படித்தான் ஓட்டுறேன்.

மலைவண்டி மெக்கானிக்

ராஜா தம்பி, உங்க வண்டில சென்டர் டிஃபரென்ஷியல் (முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு வேகத்துல சுத்த விடுற கியர்) இருந்தா அது சரி. இவரு வண்டி பார்ட் டைம், அதுல அது கிடையாது. ஃபோர் ஹை போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புற கியர் பெட்டி) முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒண்ணாப் பூட்டிடும். வளைவுல முன்சக்கரம் போற வட்டம் பெருசு, பின்சக்கரம் போறது சின்னது. அப்ப முன்பக்கம் அதிகமா சுத்தியாகணும், பூட்டு அதை விடாது. ஜல்லியிலயும் சேத்துலயும் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கும். தார்ல, மழை பெஞ்சிருந்தாலும், அந்த அளவு சறுக்காது. முறுக்கு எல்லாம் ஷாஃப்ட், கியர், ஜாயின்ட்டுல ஏறிக்கிட்டே இருக்கும். உங்க லிவர் வராததும் லைட் அணையாததும் அந்த முறுக்காலதான் இருக்கும். சம தரையில ரிவர்ஸ்ல பத்து மீட்டர் நேரா, மெதுவா போங்க. பக்கத்துல மண் தரை இருந்தா இன்னும் நல்லது. ஒத்தைச் சக்கரத்தை ஜாக்கி வச்சுத் தூக்கினாலும் முறுக்கு விடும், ஆனா விடும்போது சக்கரம் வெடுக்குனு திரும்பி ஜாக்கி சரியும். அதைச் செய்யவே செய்யாதீங்க.

ஒரு சந்தேகம்: நாலு டயரும் ஒரே வயசா?

சின்னமனூர்வாசி

அண்ணே, ரிவர்ஸ் எடுத்ததும் 'டொக்'குனு ஒரு சத்தம், லைட் அணைஞ்சிருச்சு! ஸ்டியரிங்கும் லேசாயிருச்சு. ரொம்ப நன்றி. டயர் ஒரே சைஸ்தான், ஆனா வாங்கும்போதே பின்னாடி ரெண்டும் புதுசு, முன்னாடி ரெண்டும் நல்லாத் தேய்ஞ்சது.

மலைவண்டி மெக்கானிக்

அதான் இவ்வளவு சீக்கிரம் இறுகியிருக்கு. கணக்குப் போட்டுப் பாருங்க: பின் டயர் விட்டம் 700 மில்லிமீட்டர், முன் டயர்ல பட்டன் (ரோட்டைத் தொடுற ரப்பர் கட்டை) 6 மில்லிமீட்டர் கூடுதலாத் தேய்ஞ்சிருக்குன்னா அதோட விட்டம் 688. நேர் ரோட்டுலயே ஒரு கிலோமீட்டருக்கு முன்சக்கரம் ஏறத்தாழ எட்டுச் சுற்று கூடச் சுத்தணும். வளைவும் முன்சக்கரத்தையேதான் கூடச் சுத்தச் சொல்லுது. ரெண்டும் ஒரே திசையில சேர்ந்து முறுக்கியிருக்கு. முன் டயர் ரெண்டையும் மாத்துற வரைக்கும் மண்ணுலகூட அவசியம்னாதான் ஃபோர் ஹை.

டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை இறக்கிப் பாருங்க. ரொம்ப நைசான பொடி இருந்தா கவலை வேண்டாம், விரல்ல உறுத்துற துணுக்கு வந்தா பிரிச்சுத்தான் ஆகணும். புரப்பெல்லர் ஷாஃப்ட் யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருக்கக் கூடாது.

ராஜா_போடி

அண்ணே, என்னோடது ஃபுல் டைம்தான் (எப்பவும் நாலு சக்கரமும் இழுக்கும்). ரெண்டுக்கும் இந்த வித்தியாசம் இருக்குன்னு இப்பதான் தெரியுது. அப்ப மழைல தார் இறக்கத்துல இவரு என்ன செய்யணும்?

மலைவண்டி மெக்கானிக்

டூ ஹை, ரெண்டாவது கியர், நல்ல டயர், குறைஞ்ச வேகம். பிரேக் பிடிக்கிறது எப்பவும் நாலு சக்கரமும்தான், அதனால நிறுத்துறதுக்காகத் தார்ல ஃபோர் ஹை தேவையில்ல. ஜல்லி இறக்கம் செங்குத்தா இருந்தா வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதிச்சு ஃபோர் லோ (நாலு சக்கரமும் இழுக்கும், ரொம்ப மெதுவா), முதல் கியர். இன்ஜினே பிடிச்சு இறக்கும், பிரேக் சூடாகாது.

தேனி_ஓட்டுநர்

இன்னொண்ணு. ஜல்லிக்காக டயர் காத்தைக் குறைச்சிருந்தா தார் ஏறுறதுக்கு முன்னாடி நாலுலயும் பழைய அளவுக்கு அடிச்சிருங்க. கையில ஒரு 12 வோல்ட் பம்ப் இருக்கட்டும். அந்த மலைக் காடு 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உண்டு. ரோட்டை விட்டு மண் தடத்துல, ஓடையில வண்டியை இறக்காதீங்க. ஆறு மணிக்கு மேல செக்போஸ்ட்டுல விடவும் மாட்டாங்க, ரிப்பேருக்கு நின்னா இருட்டுறதுக்குள்ள கீழ வர்ற மாதிரி நேரம் வச்சுக்கிட்டுக் கெளம்புங்க.

சின்னமனூர்வாசி

ஆயில் இறக்கியாச்சு, நைசான பொடி மட்டும்தான், துணுக்கு எதுவும் இல்ல. ஜாயின்ட்டுலயும் ஆட்டம் இல்ல. முன் டயர் ரெண்டுக்கும் பின்னாடி இருக்குற அதே மாடலைச் சொல்லியிருக்கேன்.