வலப்பக்க ஸ்டியரிங் கொரோலா 110: ஓட்டோ கியரை மனுவலாக மாற்றுதல்

கேள்வி

வணக்கம். என்னிடம் 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110 இருக்கிறது. 1,498 சிசி 5ஏ-எஃப்இ என்ஜின், ஓட்டோ கியர். இதே மாதிரியான என் மைத்துனரின் மனுவல் கார் பின்பக்கம் மோதுண்டு, திருத்திப் பயனில்லை என்ற நிலையில் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் நிற்கிறது. அதன் கியர்பெட்டியையும் கிளச்சையும் என் காரில் பூட்டலாமா என்று யோசிக்கிறேன். இடப்பக்க ஸ்டியரிங் காரொன்றில் இந்த மாற்றத்தைச் செய்யும் அமெரிக்கக் காணொளியைப் பார்த்தேன். நம் காருக்கும் அதே முறை பொருந்துமா?

பதில் 1

கியர்பெட்டி வரையில் பொருந்தும், பெடல் பக்கம் பொருந்தாது. இந்தக் காரில் என்ஜின் குறுக்காக வைக்கப்பட்டுள்ளது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் டைமிங் பெல்ட் வலப்புறமும் கியர்பெட்டி இடப்புறமுமாகவே இருக்கும். அமெரிக்க ஓட்டுநரின் காலுக்கு நேர் முன்னால் கியர்பெட்டி வருவதால் அங்கே கிளச் எண்ணெய்க் குழாய் குட்டையானது. நமக்கு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது எண்ணெயை அழுத்தி அனுப்பும் சிலிண்டர்) வலப்புறம், கிளச்சைத் தள்ளும் சிறிய சிலிண்டர் இடப்புறம். குழாய் என்ஜினுக்குப் பின்னால், என்ஜின் அறையையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தடுப்புத் தகட்டை ஒட்டிக் குறுக்கே ஓட வேண்டும். எனவே மைத்துனரின் காரிலிருந்து அந்தக் குழாயை வளைவு கெடாமல், பிடிப்பான்களோடு சேர்த்துக் கழற்றுங்கள். பிடிப்பான் இல்லாமல் தொங்கவிட்ட குழாய், அதிர்வில் உரசி ஒரு நாள் ஓட்டையாகிவிடும்.

இரு வகைக் கார்களிலும் கிளச் பெடல் பிரேக்குக்கு இடப்புறம்தான். ஆனால் அது அவர்களுக்குக் கதவுப் பக்கம், நமக்குக் காரின் நடுப்பக்கம். ஆகவே மாஸ்டர் சிலிண்டரும் பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டும் உருண்டைப் பெட்டி) நடுப்பக்கமாகவே வரும். தடுப்புத் தகட்டில் அதற்கான துளை இல்லையென்றால், மைத்துனர் காரின் பெடல் தாங்கியையே அச்சாக வைத்துக் குறியிட்டுத் துளையிடுங்கள். அளவுநாடாவை நம்ப வேண்டாம்: சிலிண்டரின் தள்ளுகோல் சற்றுச் சாய்ந்தாலும் அதன் சீல் விரைவில் தேய்ந்துவிடும்.

பதில் 2

மேலே சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். ஓட்டோ காரில் என்ஜினின் பின்முனையில் இருப்பது மெல்லிய தகடு. அதன் இடத்தில் கிளச் பொருந்தும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் வருகிறது. ஃப்ளைவீல் தடிப்பானது என்பதால் அதற்குரிய நீளமான போல்ட்டுகளையே போட வேண்டும். இடப்பக்க மவுண்ட், ஸ்டார்ட்டர், டிரைவ் ஷாஃப்டுகள், கியர் லீவர், அதன் இரண்டு கேபிள்கள், வேகமானி சென்சர், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈசியூவின் வயரிங்கை மட்டும் பூட்டுமுன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓட்டோ காரில் லீவர் பி (பார்க்) அல்லது என் (நியூட்ரல்) நிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். கியர்பெட்டியைக் கழற்றியதும் அந்தச் சுவிட்சும் போய்விடுவதால் கார் ஸ்டார்ட் ஆகாது. பல கராஜ்களில் அந்த இரண்டு வயர்களையும் நேரடியாக முறுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கியரில் நிற்கும் கார், சாவியைத் திருப்பியதும் முன்னே பாயும். கிளச் பெடலில் ஒரு சுவிட்சைப் பூட்டி அதன் வழியாக இணையுங்கள். ரிவர்ஸ் விளக்கின் வயர்களைப் புதிய பெட்டியின் சுவிட்சுக்கு மாற்றுங்கள். ரேடியேட்டரின் கீழுள்ள ஓட்டோ எண்ணெய்க் குழாய் வாய்களை மூடிவிடுங்கள். மனுவல் பெட்டிக்கு ஜிஎல்-4 தர 75டபிள்யூ-90 எண்ணெய் போதும்.

பதில் 3

உங்கள் ஓட்டோ பெட்டி நன்றாக இயங்குகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. நன்றாக இயங்கினால் இந்த வேலைக்கு இறங்க நான் சொல்ல மாட்டேன்; பாகங்கள் இலவசமாகக் கிடைத்தாலும் கூலி இலவசமில்லை, விற்கும்போது வாங்குபவர் இந்த மாற்றத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். செய்தே தீருவதென்றால், மைத்துனரின் கார் இன்னும் ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். ஆகுமென்றால், கழற்றுவதற்கு முன் முற்றத்திலேயே சிறிது ஓட்டிப் பாருங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது பற்கள் கரகரத்தால் அந்தப் பெட்டிக்கே முதலில் திருத்தவேலை இருக்கிறது. பெட்டி நல்லதாக இருந்தாலும் கிளச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங், என்ஜின் பின்பக்க எண்ணெய் சீல் நான்கையும் புதிதாகவே வாங்குங்கள், ஏனென்றால் பிறகு இவற்றில் எது போனாலும் முழுப் பெட்டியையும் மறுபடி இறக்க வேண்டும்.