பெரிய ஸ்டாக்ஹார்ன் பெரணி: கேடய இலையில் கரும்புள்ளி, கொம்பு துவண்டு தொங்குது. உதவி தேவை

கேள்வி:
பலகையில் கட்டின ஸ்டாக்ஹார்ன் பெரணி, பிளாட்டிசேரியம் சூப்பர்பம் வகை, குறுக்களவு கிட்டத்தட்ட 90 செ.மீ. நேர் வெயில் படாத இடம். வாரம் 3 முறை ஹோஸ் வெச்சு நனைப்பேன். 2 வாரமா கேடய இலையோட (பலகையை ஒட்டி வேரை மூடியிருக்கிற தட்டை இலை) கீழ்ப்பக்கம் கரும்புள்ளி. முதல்ல மிளகு அளவுல இருந்தது, இப்ப ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து திட்டாயிடுச்சு. கொம்பு இலையும் (மான்கொம்பு மாதிரி கிளைச்சு நீளுற இலை) துவளுது. தண்ணி பத்தலைன்னு நினைச்சு தினமும் ஊத்தினேன், இன்னும் மோசம். அடியில பழுப்பாக் காய்ஞ்சிருக்கிற பழைய கேடயங்களை உரிச்சிடலாமா? கொம்பு இலையோட முதல் கவைக்கு அடியில வெல்வெட் மாதிரி பழுப்புத் திட்டு வேற இருக்கு, அதுவும் நோயா?

பதில் 1:
உரிக்காதீங்க. அந்தப் பழுப்பு அடுக்குகளுக்கு நடுவுலதான் வேரே ஓடுது. வெல்வெட் திட்டு நோயில்லை, வித்துகள். சூப்பர்பத்துல ஒரு கொம்புக்கு ஒரு திட்டு. ரெண்டு திட்டு இருந்தா அது கிராண்டேங்கிற வேற வகை. இலை மேல இருக்கிற வெள்ளைப் பூச்சையும் தூசின்னு துடைச்சிடாதீங்க. அது நுண்ரோமம், ஈரம் சீக்கிரம் ஆவியாகாம தடுக்கும்.

கரும்புள்ளி மட்டும்தான் கவலைப்பட வேண்டியது. நடுக் குருத்தை விரலால லேசா அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருக்கா, கொழகொழன்னு இருக்கா?

கேட்டவர்:
கெட்டியா, பச்சையாதான் இருக்கு. ஓரமா ஒரு மூங்கில் குச்சியைச் செருகி எடுத்தேன், நுனியெல்லாம் ஈரம், மக்கின வாடை.

பதில் 2:
அப்ப அதிகத் தண்ணிதான். வேர் அழுகினா தண்ணியை உறிஞ்ச முடியாது, அதனால செடி தாகத்துல வாடின மாதிரியே துவளும். அதைப் பார்த்து இன்னும் ஊத்துறதுலதான் பெரும்பாலான செடி போகுது. கேடயத்துல இப்படிக் கரும்புள்ளி வந்தா பெரும்பாலும் ரைசோக்டோனியா பூஞ்சை. ஈரமும் காத்தோட்டமில்லாததும் அதுக்குக் கொண்டாட்டம்.

செடி வளர வளர பழைய கேடயங்கள் அடுக்கடுக்காச் சேர்ந்து பஞ்சு மாதிரி ஆயிடும். வேரைச் சுத்தி வெச்ச பாசி மேலே மொறுமொறுன்னு காய்ஞ்சிருந்தாலும் உள்ளே சொதசொதன்னு இருக்கும். சின்னச் செடிக்கு வெச்ச அதே அட்டவணை பெருசுக்கு ஆகாது.

இப்ப தண்ணியை நிறுத்துங்க. பலகையைச் சுவரை விட்டுத் தள்ளி, பின்பக்கமும் காத்து போற மாதிரி தொங்க விடுங்க. இலை மேல தெளிப்பும் வேண்டாம். கொழகொழன்னு ஆன திட்டை மட்டும் ஸ்பிரிட்ல துடைச்ச கத்தியால வெட்டுங்க. புள்ளி பரவாம நின்னா மருந்தே தேவையில்லை.

இனிமே தண்ணி எப்போன்னு எடையை வெச்சு முடிவு பண்ணுங்க. குச்சி நுனி ஈரமில்லாம வர்ற அன்னைக்கு, கொக்கித் தராசுல மாட்டிக் குறிச்சுக்கோங்க. அதுதான் உங்க காய்ஞ்ச எடை. அதுக்கு இறங்கினதும் 15 நிமிஷம் மெதுவா ஊத்தி, சொட்டு நிக்கிற வரை வடிய விட்டு மாட்டுங்க. குருத்துல மட்டும் தண்ணி தேங்கக் கூடாது.

பதில் 3:
கேடயத்துக்குப் பின்னாடி வாழைப்பழத் தோல் திணிக்கிற வழக்கம் இருந்தா நிறுத்துங்க, இந்த நிலையில அதுவும் அழுகலுக்குத் தீனி. உரமும் வேண்டாம். தேறினதும் சமச்சீர் திரவ உரம், டப்பாவுல போட்டதுல பாதி அளவு, வளர்ற பருவத்துல மட்டும் மாசம் ஒரு தடவை.

கட்டினது செம்புக் கம்பியா? பெரணிக்குச் செம்பு ஆகாது. தூண்டில் நரம்புக்கு மாத்திடுங்க. சூப்பர்பம் பக்கக் கன்று விடாது, இருக்கிறது அந்த ஒரே குருத்துதான், அது போனா செடியே போச்சு.

கேட்டவர்:
ஆமா, செம்புதான். இன்னைக்கே மாத்துறேன். பலகையும் சின்னதாயிடுச்சு, சேர்த்தே மாத்திடவா?

பதில் 2:
கம்பி மட்டும் இப்ப. புதுக் கேடயம் ஒண்ணு பச்சையா, புள்ளியில்லாம விரிஞ்சு வந்த பிறகு பலகை. அப்பவும் செடியைப் பிரிக்காதீங்க. பழைய பலகையோடவே பெரிய பலகையில வெச்சு, செடிக்கு வெளியே தெரியற மரத்துல துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடுங்க. மருந்து ஏத்தின மரம் வேண்டாம். நனைஞ்ச எடையைத் தாங்கற சங்கிலிதான் மாட்டணும், கயிறு மக்கிடும்.