மகளின் சட்டையில் இருக்கும் ரிப்பன் யாருடையது?

மதுரை வாத்தியார்:
மேரிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் மருந்தாளுநர்; அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணிப் படையில் அதிகாரி. கடற்படைக்காரர் போலச் சீருடை, ஆனால் ஆயுதம் கிடையாது. நேற்று அவள் சட்டையில் குத்தியிருந்த ரிப்பன்களை ஒவ்வொன்றாக விசாரித்தேன். "இது எபோலாவுக்காக அதிபர் கொடுத்த குழு விருது அப்பா, எனக்கென்று தனியாகத் தந்ததில்லை" என்றாள். எபோலா என்ற கொடிய தொற்றுநோய் பரவிய மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவுக்கு அவள் போகவே இல்லை. பாடுபட்டவன் ஒருவன், மாலை இன்னொருவனுக்கு என்பதைப் பள்ளிக்கூடத்தில் நிறையப் பார்த்தவன் நான். போகாதவர்கள் அணிவது முறையா? அவளிடம் கேட்க மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற செவிலி:
ஐயா, நான் போனவள். 2014 நவம்பரில் லைபீரியாவின் தலைநகர் மன்றோவியாவுக்கு வெளியே 25 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தோம். எபோலா நோயாளிகளைப் பார்த்துத் தாங்களே நோயில் விழுந்த மருத்துவர்கள், செவிலியர்களுக்காகவே அது. நமக்கு வந்தால் கவனிக்க ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தானே அவர்கள் வேலைக்கு வருவார்கள்? சுமார் 70 பேர் கொண்ட குழுக்கள் மாறி மாறிப் போனோம்.

பாதுகாப்பு உடையைக் கழற்றும்போதுதான் பயம் அதிகம். எதிரே ஒருவர் நின்று ஒவ்வொரு படியாகச் சத்தமாகச் சொல்வார்; சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். வியர்வை கண்ணுக்குள் இறங்கும். துடைக்கக் கை தானாக எழும். "கையை இறக்கு!" என்று ஒருநாள் ஓர் அதிகாரி என்னை அதட்டினார். அவர் ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லை. நான் உயிரோடு இருப்பதற்கு அவரும் காரணம். அவருக்கு எந்தத் தனிப் பதக்கத்தைக் கொடுப்பது?

பணியில் இருப்பவன்:
2015 செப்டம்பரில் அதிபர் ஒபாமா அந்த விருதைப் படை முழுமைக்கும் வழங்கினார். எங்களில் பலர் பழங்குடியினர் மருத்துவமனைகளிலும் அமெரிக்க மத்திய அரசின் சிறைகளிலும் வேலை செய்கிறவர்கள். ஒருவர் லைபீரியாவுக்குக் கிளம்பினால் அவர் வேலை அங்கேயே நிற்கும். பக்கத்தில் இருப்பவர்தான் அதையும் சுமக்க வேண்டும். உங்கள் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இதற்குக் கீழே வேறு குழு விருதுகளும் உண்டு. அவற்றுக்கான பரிந்துரைப் பட்டியலில், இரண்டு கூட்டத்துக்கு வந்தவர் பெயரும் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை ஏற்க முடியாது. எபோலா விருது அப்படிப்பட்டதல்ல.

மதுரை வாத்தியார்:
இருவருக்கும் நன்றி. இன்று காலை மகளிடம் கேட்டேவிட்டேன். அப்போது அரிசோனாவில், நவாஹோ பழங்குடி மக்களுக்கான மருத்துவமனையில் இருந்தாளாம். உடன் வேலை செய்த இருவர் லைபீரியா போய்விட, மூவர் வேலையும் இவள் தலையில். 2015 பொங்கலன்று நாலு முறை அழைத்தும் எடுக்கவில்லை என்று நானும் அவள் அம்மாவும் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் எங்களிடம் காரணம் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.