குடும்பிமலைக் காட்டில் வழி தவறினால்?

கேள்வி: நண்பர்கள் நால்வர் மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானிலிருந்து குடும்பிமலைப் பக்கம் நடந்து செல்ல எண்ணியுள்ளோம். தொலைபேசிச் சமிக்ஞை அற்ற இடத்தில் திசையை எவ்வாறு அறிவது?

மறுமொழி: தம்பி, ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து நேரே இயங்குவதால் கோபுரச் சமிக்ஞை தேவையில்லை, வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு, மின்கலம் வீணாகாதிருக்கத் தொலைபேசியை விமான நிலையில் (ஏரோபிளேன் மோட்) வையுங்கள். என்றாலும், அப்பகுதியில் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவர் உடன்வருவதற்கு எதுவும் ஈடாகாது.

மறுமொழி: யானையை மறந்துவிட்டீர்களே! ஈரம் காயாத யானைச் சாணம் பாதையில் கிடந்தால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். 2007 வரை போர் நடந்த நிலம் என்பதால், மண்ணில் புதைந்து தெரியும் உலோகப் பொருளைத் தொடவும் வேண்டாம்.

மறுமொழி: வழி தவறினால் அலையாமல் அங்கேயே நின்று, மும்மூன்று முறையாக விசில் ஊதுங்கள். சமிக்ஞை கிடைத்தால் பொலிசுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

கேட்டவர்: நன்றி ஐயா, விசில் வாங்கிவிட்டோம், பட்டிக்காரரைத் தேடுகிறோம்.